போஸ்டருக்கு அச்சகத்தின் பெயர் வேண்டும், ரீல்ஸுக்கு வேண்டாமா? தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கும்,

2013 அக்டோபர் 25 அன்று ஆணையம் சமூக ஊடகங்களுக்காக ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை, வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26இல் எழுதித் தர வேண்டும். இணைய விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று பெற வேண்டும். இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம், பதிவுகளைத் தயாரிக்க ஆன செலவு, கணக்குகளைக் கவனிக்கும் ஆட்களின் சம்பளம் எல்லாம் தேர்தல் செலவில் சேரும். நடத்தை விதிகள் இணையத்துக்கும் பொருந்தும். அவசியமான அறிவுறுத்தல்தான். அதன் கடைசியில் ஒரு பத்தி இருக்கிறது. வேட்பாளரும் கட்சியும் அல்லாத மற்றவர்கள் போடும் பதிவுகளை என்ன செய்வது என்பதைத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துடன் கலந்து ஆணையம் பரிசீலித்துவருகிறது என்கிறது அந்தப் பத்தி.

அந்தப் பரிசீலனை தொடங்கி 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த ‘மற்றவர்கள்’ வளர்ந்துவிட்டார்கள். இன்று ஒரு வேட்பாளரின் முகம் இளைஞர் மனத்தில் பதிவது அவருடைய சொந்தக் கணக்கு வழியாக அல்ல. மீம் பக்கம், எடிட் பக்கம், ரசிகர் பக்கம், ஊர்ப் பெயரில் நடக்கும் பக்கம், யூடியூப் பேட்டி ஆகியவற்றின் வழியாகத்தான். படிவம் 26இன் மூன்றாம் பத்தியில் வேட்பாளர் எழுதித் தரும் நாலைந்து கணக்குகளை உங்கள் குழுக்கள் கவனித்துக்கொண்டிருக்கின்றன. பிரச்சாரமோ அந்தக் கணக்குகளுக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது.

இளைஞர்கள் ரீல்ஸ் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள், அவர்களுக்கு அரசியல் தெரியாது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் 18, 19 வயதுக்காரர்கள் சுமார் 1.8 கோடிப் பேர் இருந்ததாக ஆணையமே அறிவித்தது. 61ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியபோது, பதினெட்டு வயதில் ஒருவர் தானே முடிவெடுக்கத் தகுதியானவர் என்று நாடு ஒப்புக்கொண்டது. முடிவெடுக்கத் தகுதியானவருக்கு, தன் கண்முன் வைக்கப்படும் படத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ளவும் உரிமை இருக்கிறது. அந்த உரிமை மறுக்கப்படுகிறது என்பதே எங்கள் முறையீடு.

பிம்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் இருந்த அவருடைய படம் போஸ்டராக ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரச்சாரத்துக்கு வெளியே வர முடியாமலே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். ஒரு படம் எத்தனை மேடைப் பேச்சுக்கு ஈடாகும் என்பதை இந்த மாநிலம் அன்றே பார்த்துவிட்டது. ஆனால் போஸ்டர் அடிப்பதற்கு அன்றும் ஒரு சட்டம் இருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு 1961இல் சேர்க்கப்பட்டது. தேர்தல் துண்டறிக்கையோ சுவரொட்டியோ எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதன் மேல் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் யார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, தன்னைத் தெரிந்த இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, இரண்டு படிகளாக அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நூறு துண்டறிக்கை அடிக்கும் சின்ன அச்சகக்காரருக்குக்கூட இது பொருந்தும். ஒரே இரவில் பத்து லட்சம் பேர் பார்க்கும் ரீல்ஸில் யார் பெயரும் இருக்க வேண்டியதில்லை.

அந்த ரீல்ஸ் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். எந்த இடத்தில் விதி வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

வேட்பாளர் ஒரு தெருவுக்குள் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு கேமரா. அதில் ஒன்று கிம்பலில், அதாவது கேமராவை ஆடாமல் தாங்கும் பிடியில், முகத்துக்கு நேராகப் பின்னோக்கி நகரும், இன்னொன்று கூட்டத்தின் முகங்களை எடுக்கும். மேலே ஒரு ட்ரோன். சட்டையில் ஒரு வயர்லெஸ் மைக். எல்லாம் செல்போன் திரைக்கு ஏற்றபடி 9:16 செங்குத்துச் சட்டத்தில். நாற்பது நிமிட வருகையிலிருந்து வெளியே போவது 20 முதல் 40 வினாடி. முதல் மூன்று வினாடிக்குள் விரலை நிறுத்தும் ஏதாவது ஒன்று வர வேண்டும்: கார்க் கதவு திறப்பது, ஒரு பாட்டி கையைப் பிடிப்பது, ஒரு குழந்தை ஓடி வருவது. அதற்குப் பின் வேகம் குறைந்த நடை, பிஜிஎம். சத்தமில்லாமல் பார்ப்பவர்களும் உண்டு என்பதால் பெரிய எழுத்தில் ஒரு வரி. பாட்டி என்ன கேட்டார் என்பது இருக்காது. குடிநீர் பற்றிக் கேட்டிருந்தால் அந்தப் பகுதி எடிட்டிலேயே போய்விடும், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடமாவது ஆகும்.

இந்தக் கடைசிக் காரணம் முக்கியமானது. முழுதாகப் பார்த்தார்களா, மறுபடி பார்த்தார்களா, நண்பருக்கு அனுப்பினார்களா என்பவற்றை வைத்தே தளம் ஒரு வீடியோவை மேலும் பலருக்குக் கொண்டுபோகிறது. பதினைந்து வினாடி நடையை எல்லோரும் முழுதாகப் பார்த்துவிடுவார்கள். ஏரி தூர்வாருவது பற்றிய ஆறு நிமிட விளக்கத்தைப் பத்தில் ஒருவர் முழுதாகப் பார்த்தாலே அதிகம். ஆகவே விளக்கம் பேசுகிற வேட்பாளர் திரையில் மெல்ல மெல்லக் காணாமல் போகிறார், நடப்பவர் நிற்கிறார். இது இளைஞர்களின் குறை அல்ல, அந்தத் தளத்தின் அமைப்பு. ஒருவர் இரண்டு முறை ஒரே முகத்தை முழுதாகப் பார்த்துவிட்டால் அதே முகம் மறுபடி மறுபடி வரும். நாலாவது நாள் அவருக்கு ஊரே அந்த வேட்பாளர் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். பக்கத்து வீட்டுப் பையன் போனில் வேறொரு முகத்துக்குப் பின்னால் ஊரே நிற்கிறது என்பது இவருக்குத் தெரிய வழியில்லை.

எடுத்த காட்சிகள் அன்றிரவே டெலிகிராம் குழுவிலோ டிரைவ் கோப்புறையிலோ ஏறிவிடும். அங்கிருந்து பல பக்கங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒரே வீடியோவை அப்படியே போட்டால் தளம் நகலென்று கண்டுபிடித்து அதன் வீச்சைக் குறைக்கும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் வேறு பாட்டு, வேறு தொடக்கம், வேறு எழுத்து வைத்து மாற்றிக்கொள்ளும். ஒரே மணி நேரத்துக்குள் எல்லாம் வெளியாகும். முதல் பத்துப் பதினைந்து கமென்ட்டுகள் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். வீடியோவைப் பார்த்த இளைஞர் ‘மத்தவங்க என்ன சொல்றாங்க’ என்று கமென்ட்டைத்தான் அடுத்துத் திறப்பார். அங்கே காத்திருக்கும் கருத்தைப் பொதுக்கருத்து என்று எடுத்துக்கொள்வார்.

இந்தப் பக்கங்கள் தேர்தலுக்காகப் பிறந்தவையும் அல்ல. சினிமா மீம், கிரிக்கெட், காதல் கவிதை என்று இரண்டு மூன்று வருடம் வளர்த்து, லட்சக்கணக்கில் ஃபாலோயர் சேர்ந்தபின் பெயர் மாற்றப்பட்டவை பல. இன்ஸ்டாகிராமில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் கணக்கு எப்போது தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து நடக்கிறது, எத்தனை முறை பெயர் மாறியது என்பது தெரியும். ஃபேஸ்புக் பக்கத்தில் பக்க வெளிப்படைத்தன்மைப் பகுதியில் பழைய பெயர்களே வரிசையாக இருக்கும். ஒரு கண்காணிப்பு அலுவலர் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் எங்களுக்குத் தெரிந்தவரை, அதைச் செய் என்று அவருக்கு எந்தக் கையேடும் சொல்லவில்லை.

பணத்துக்கு வருவோம். கட்சியோ வேட்பாளரோ, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவுக்கோ கூகுளுக்கோ நேரடியாகப் பணம் கட்டி விளம்பரம் போட்டால் அது ஓரளவு வெளியே தெரியும். 2019 முதல் இந்தியாவில் அரசியல் விளம்பரம் போடுபவர் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், பணம் கட்டியவர் பெயர் விளம்பரத்தில் வர வேண்டும். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் அது ஏழு ஆண்டுகள் இருக்கும். எவ்வளவு செலவு, எந்த வயதினர், எந்த மாநிலத்தவர் பார்த்தார்கள் என்பதும் தோராயமாகத் தெரியும். ஆனால் வேட்பாளரின் ஆள் ஒரு ஏஜென்சிக்குப் பணம் தருகிறார், ஏஜென்சி பக்கத்தின் அட்மினுக்கு யுபிஐயிலோ கையிலோ தருகிறது, அட்மின் சாதாரணப் பதிவுபோலப் போடுகிறார் என்றால் தளத்துக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. விளம்பர நூலகத்தில் அது வராது. பேரம் பெரும்பாலும் ‘பேக்கேஜ்’ கணக்கில் நடக்கும்: இத்தனை ரீல்ஸ், இத்தனை ஸ்டோரி, இத்தனை நாள் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைப்பது. ரசீது கிடையாது. முன்சான்று தரும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு விண்ணப்பமும் கிடையாது. தனிக் கணக்குகளில் போடும் அரசியல் பதிவுகளை விளம்பரமாகக் கருத வேண்டியதில்லை, முன்சான்று வேண்டாம் என்று 2014 ஏப்ரலில் ஆணையமே விளக்கம் தந்திருப்பதால் அந்தக் கதவும் திறந்தே கிடக்கிறது.

இதே அட்மின் இதே பக்கத்தில் ஒரு சோப்பை விற்றால் கதை வேறு. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை எளிய மொழியில் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் கீழே விளக்கத்தில் ஒளித்துவைத்தால் போதாது, வீடியோவுக்குள்ளேயே காட்சியாகவும் ஒலியாகவும் வர வேண்டும். நேரலை என்றால் தொடர்ந்து தெரிய வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரமாக அது ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். சோப்பு வாங்கும் இளைஞருக்கு இந்த நாடு கொடுத்திருக்கும் பாதுகாப்பு, சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இளைஞருக்கு இல்லை. இதை எங்களால் ஏற்க முடியவில்லை.

செலவுக் கணக்கில் இது எங்கே விழ வேண்டும்? பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் உச்சவரம்பு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி வேட்புமனு நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை, வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்த அல்லது அனுமதித்த செலவே கணக்கில் வரும். பக்கங்கள் வளர்வதும் பிம்பம் பதிவதும் வேட்புமனுவுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே முடிந்துவிடுகிறது. அதை மாற்ற நாடாளுமன்றம்தான் சட்டம் திருத்த வேண்டும், அது ஆணையத்தின் கையில் இல்லை என்பது புரிகிறது. ஆனால் வேட்புமனுவுக்குப் பிறகு வரும் மூன்று வாரம்? அந்த மூன்று வாரத்தில் பறக்கும் படை, நிலையான கண்காணிப்புக் குழு, வீடியோ கண்காணிப்புக் குழு, வீடியோ பார்க்கும் குழு, கணக்குக் குழு என்று ஐந்து குழுக்கள் வேலை செய்கின்றன. உதவிச் செலவினப் பார்வையாளரின் கீழ் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நிழல் பதிவேடு, அதாவது வேட்பாளர் காட்டும் கணக்கோடு ஒப்பிட ஆணையத் தரப்பில் தனியே வைக்கும் செலவுக் கணக்கு, எழுதப்படுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியும் டீயும் மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலையில் அதில் ஏறுகின்றன. கூட்டத்தில் இருந்த நாற்காலியை எண்ணுகிற நாம், அந்தக் கூட்டத்தைப் பத்து லட்சம் பேருக்குக் காட்டிய பதிவை எண்ணாமல் விடுகிறோம்.

வேட்பாளருக்குத் தெரியாமல் யாரோ அன்பால் செய்தது என்றால்? அதற்கும் சட்டம் இருக்கிறது. வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவருடைய வெற்றிக்காக மற்றவர் செலவு செய்வது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவில் குற்றம், 10,000 ரூபாய் வரை அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவு, பத்து ரூபாய்க்கு மேற்படாத செலவாக இருந்து பத்து நாளுக்குள் வேட்பாளரின் ஒப்புதலை வாங்கிவிட்டால் மட்டும் விலக்கு தந்தது. பத்து ரூபாயைக்கூடக் கவனித்த சட்டம் அது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். காசு வாங்காமல் தன் தலைவருக்காக ராத்திரி கண் விழித்து எடிட் செய்யும் கல்லூரி மாணவரை யாரும் தொடக் கூடாது. அது அவருடைய பேச்சுரிமை. காசுக்குப் போட்டதையும் அன்புக்குப் போட்டதையும் பிரித்தறிவது கடினம் என்று சொல்லி ஆணையம் ஒதுங்க முடியாது, ஏனென்றால் தடயங்கள் உண்டு. வேறெங்கும் வெளியாகாத மூலக் காட்சி ஒரு பக்கத்துக்குக் கிடைத்திருக்கும். இருபது பக்கங்களில் ஒரே தலைப்பு, அதே எழுத்துப் பிழையோடு இருக்கும். வேறு வேறு பக்கங்கள் ஒரே நிமிடத்தில் பதிவிட்டிருக்கும். நேற்று வரை ஒரு கட்சியைப் புகழ்ந்த பக்கம் இன்று எதிர்க்கட்சி வேட்பாளரைப் புகழும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். மூன்று சேர்ந்து வந்தால் விசாரிக்கப் போதுமான காரணம் இருக்கிறது. பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு செய்திபோல வெளியிடும் ‘பணச் செய்தி’யை ஆணையம் இப்படித்தான் பிடிக்கிறது: ஒரே வாசகம் பல நாளிதழ்களில் வந்தால் சந்தேகம், 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ், 48 மணி நேரத்துக்குள் அவர் பதில், பதில் திருப்தியில்லை என்றால் அரசு விளம்பர விலையில் அவர் கணக்கில் ஏற்றம். இந்த நடைமுறையை ரீல்ஸுக்கு நீட்டப் புதுச் சட்டம் தேவையில்லை.

இனிக் குற்ற வழக்கு விவரம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, வழக்கு உள்ள வேட்பாளர் படிவம் சி1இல் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிடுகிறார். நாளிதழில் குறைந்தது 12 அளவு எழுத்து, தொலைக்காட்சியில் காலை 8 முதல் இரவு 10 வரைக்குள் குறைந்தது 7 வினாடி. 2020 பிப்ரவரித் தீர்ப்பு கட்சிகளையும் தங்கள் இணையதளத்திலும் ஃபேஸ்புக், ட்விட்டர் உள்ளிட்ட அதிகாரபூர்வக் கணக்குகளிலும் வெளியிடச் சொன்னது, வெற்றிவாய்ப்பு தவிர வேறு காரணம் சொல்லித் தேர்வை நியாயப்படுத்தவும் சொன்னது. நல்ல தீர்ப்புகள். நாளிதழ் வாங்காத வீட்டில், தொலைக்காட்சியைப் பெற்றோர் மட்டும் பார்க்கும் வீட்டில் இருக்கும் பத்தொன்பது வயதுக்காரருக்கு அந்தப் 12 அளவு எழுத்தும் 7 வினாடியும் போய்ச் சேர்வதில்லை. அவர் அந்த வேட்பாளரை இன்ஸ்டாகிராமில் தினமும் ஐந்து முறை பார்க்கிறார். வழக்கு விவரம் மட்டும் அங்கே இல்லை.

புகார் செய்யும் வழியும் அடைபட்டிருக்கிறது. தேர்தல் விதிமீறல்களை மக்கள் செல்போனில் புகார் செய்வதற்கான சி-விஜில் செயலி 2018இல் வந்தது, 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது அதன் பெருமை. தெருவில் பணம் கொடுப்பதைப் பிடிக்க அருமையான கருவி. அந்த இடத்தில் நின்று எடுத்த படத்தையோ இரண்டு நிமிட வீடியோவையோ மட்டுமே அது ஏற்கும், கேலரியில் இருக்கும் எதையும் ஏற்காது, இடக்குறியும் வேண்டும். பழைய படங்களை வைத்துப் பொய்ப் புகார் கொடுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, சரிதான். ஆனால் ஒரு ரீல்ஸின் ஸ்கிரீன்ஷாட்டை அதில் ஏற்ற முடியாது. இணைப்பைத் தனியே அனுப்பலாம் என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினால், ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. அதிகாரி திறந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. பக்கத்தின் பெயரையும் அதற்குள் மாற்றியிருப்பார்கள். பெயர் மாறலாம், கணக்கின் எண் அடையாளம் மாறாது. புகாரில் எழுத வேண்டியது அந்த எண், பதிவின் முழு இணைப்பு, திரையைப் பதிவுசெய்த வீடியோ, தேதி, மணி ஆகியவை. எங்களுக்குத் தெரிந்தவரை, இப்படிக் கேட்டு வாங்கும் படிவம் ஒன்றுகூட இல்லை.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறோம், ஏனென்றால் இதில் ஆணையம் ஏற்கெனவே நகர்ந்திருக்கிறது. தொலைக்காட்சி முத்திரையோடு வரும் போலி நியூஸ் கார்டு, பன்னிரண்டு வினாடிக்கு வெட்டிய சட்டமன்றப் பேச்சு, செயற்கை நுண்ணறிவில் செய்த குரல் எல்லாம் இங்கே வந்துவிட்டன. மறைந்த தலைவர்களையே இந்தத் தொழில்நுட்பத்தால் பேசவைத்ததை 2024இல் தமிழ்நாடு பார்த்தது. கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் போலிகளை நீக்க வேண்டும் என்று கட்சிகளுக்கு ஆணையம் சொன்னது 2024 மே 6இல். தமிழ்நாடு வாக்களித்து முடித்தது ஏப்ரல் 19இல். 2025 அக்டோபரில் பிகார் தேர்தலை ஒட்டி, செயற்கையாகச் செய்த படத்தில் காணும் பரப்பில் குறைந்தது 10 சதவீத அளவுக்கு முத்திரை, ஒலியில் முதல் 10 சதவீத நேரம் அறிவிப்பு என்று தெளிவான அளவே சொன்னீர்கள். நல்லது. இங்கும் அதே ஓட்டைதான்: அது கட்சிக்கும் வேட்பாளருக்கும் அவர்களுடைய பிரச்சாரப் பிரதிநிதிகளுக்கும் சொன்னது. பெயரில்லாத பக்கத்தை யாருடைய பிரதிநிதி என்று எப்படி நிரூபிப்பது?

இதைச் சிறிய விஷயம் என்று நினைத்தால் ருமேனியாவைப் பாருங்கள். 2024 நவம்பர் 24 அன்று அங்கே நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முன்னணிக்கு வந்தவர் கேலின் ஜார்ஜெஸ்கு. டிக்டாக்கில் பெரிதாக வளர்ந்தவர். பிரச்சாரச் செலவு பூஜ்யம் என்று கணக்குக் காட்டியவர். டிசம்பர் 6 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்த அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. வாக்களித்து முடித்த மக்களிடம் உங்கள் ஓட்டு செல்லாது என்று சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு நாடு வந்தது. பூஜ்யம் என்ற கணக்கைப் பிரச்சாரத்தின்போதே கேள்வி கேட்க ஆளும் வழியும் இருந்திருக்க வேண்டும். நம் நிழல் பதிவேடு அந்த வேலைக்காகவே இருக்கிறது. அதில் இந்தப் பக்கம் மட்டும் வெற்றுத் தாளாக இருக்கிறது.

நாங்கள் கேட்பவை இவை.

2013 அறிவுறுத்தலின் கடைசிப் பத்தியை முடித்துவையுங்கள். வேட்பாளர், கட்சி, முகவர், ஏஜென்சி ஆகியோரில் யாரிடமிருந்தாவது பணமோ பொருளோ பயணச் செலவோ பெற்றுப் பதிவிடும் எந்தப் பக்கமும் பிரச்சாரக் கணக்கே என்று வரையறுங்கள். அப்படிப்பட்ட பக்கங்களின் பட்டியலை, இணைப்போடும் எண் அடையாளத்தோடும், வேட்பாளர் செலவுப் பதிவேட்டைச் சோதனைக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் தர வேண்டும். சோதனை எப்படியும் குறைந்தது மூன்று முறை நடக்கிறது, கூடுதல் வேலை ஒரு தாள்தான். ஏஜென்சியோடு செய்த ஒப்பந்தத்தின் நகலும் அதோடு வர வேண்டும்.

மாவட்டத் தேர்தல் அலுவலரின் விலைப் பட்டியலில் ரீல்ஸ், ஸ்டோரி, பின் செய்த பதிவு, யூடியூப் பேட்டி ஆகிய நான்குக்கும் ஃபாலோயர் எண்ணிக்கை வாரியாக விலை போடுங்கள். பட்டியலை இறுதியாக்கும் முன் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசும் கூட்டத்திலேயே இதையும் பேசிவிடலாம். ட்ரோன், கிம்பல், எடிட்டர் கூலி ஆகியவற்றுக்கும் தனி வரி வேண்டும். பணச் செய்திக்கான 96 மணி, 48 மணி நடைமுறை இவற்றுக்கும் பொருந்தும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

காசுக்குப் போட்ட தேர்தல் பதிவின் முதல் மூன்று வினாடியில், திரையில் படிக்கும்படியாக, ‘இது பணம் பெற்று வெளியிட்ட தேர்தல் பிரச்சாரம்’ என்றும் பணம் கொடுத்தவர் பெயரும் தமிழில் வர வேண்டும். சோப்புக்கு என்ன விதியோ அதைவிடக் குறைந்த விதியை நாங்கள் ஏற்க மாட்டோம்.

படிவம் சி1இல் உள்ளதை வேட்பாளர் படிவம் 26இல் காட்டிய ஒவ்வொரு கணக்கிலும், இன்ஸ்டாகிராமும் யூடியூபும் உட்பட, மூன்று தேதிகளிலும் வெளியிட்டு, வாக்குப்பதிவு முடியும் வரை பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைக்கச் சொல்லுங்கள். கமென்ட்டை அடைக்கக் கூடாது.

சி-விஜிலில் இணையப் புகாருக்குத் தனிப் பகுதி வேண்டும். இணைப்பை ஒட்டியதும் செயலியே அந்தப் பதிவைச் சேமித்து நேரக்குறி போட்டுவிட வேண்டும், பிறகு பதிவு மறைந்தாலும் சாட்சி இருக்கும். புகார் என்ன ஆனது என்பதைப் புகார் செய்தவர் பார்க்க முடிய வேண்டும்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு போடும் பிரச்சாரத் தடையைக் காசு வாங்கிய பக்கங்களுக்கும் நீட்டுங்கள். 2019இல் தளங்கள் ஒப்புக்கொண்ட தன்விருப்ப நெறிமுறையில் நடவடிக்கைக்கு வைத்த மூன்று மணி நேரக் கெடு, ஆணையத்திடமிருந்து புகார் போனால்தான் தொடங்குகிறது. ஆகவே அந்த இரண்டு நாளும் மாவட்டந்தோறும் இரவும் பகலும் இரண்டு பேராவது இந்த வேலைக்கு மட்டும் உட்கார வேண்டும்.

கல்லூரிகளில் இருக்கும் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களில் கோலப் போட்டியோடும் உறுதிமொழியோடும் நிறுத்தாதீர்கள். நாற்பது நிமிடப் பாடம் ஒன்று போதும். ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்தைத் திறந்து, மாநிலமும் தொகுதியும் தேர்ந்தெடுத்து, தன் தொகுதி வேட்பாளரின் படிவம் 26ஐ மாணவர் தன் போனிலேயே பதிவிறக்க வேண்டும். ஐந்தாம் பத்தியில் நிலுவை வழக்கு, ஆறில் தண்டனை, ஏழில் சொத்து, எட்டில் கடன், பத்தில் படிப்பு, நேரமில்லாதவருக்குப் பகுதி ‘பி’யில் சுருக்கம். அதன்பின் ஒரு ரீல்ஸைக் கொடுத்து, அந்தப் பக்கம் எத்தனை முறை பெயர் மாறியது, ஒரே தலைப்பு வேறெங்கு வந்திருக்கிறது என்று தேடவையுங்கள். ஸ்கேன் செய்து ஏற்றும் பிரமாணப் பத்திரங்கள் செல்போனில் பல நேரம் படிக்கவே முடியாமல் இருக்கின்றன, சாய்ந்தும் மங்கியும். அவற்றைத் தட்டச்சு வடிவில், தமிழில், தேடக்கூடியதாகத் தருவதும் இந்தக் கோரிக்கையில் சேரும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் என்ன என்பதை அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்கு 90 நாள் முன்னதாக எழுத்தில், பொதுவில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அறிவிப்பு வந்துவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது, மறுபடி ஒரு தேர்தல் இப்படியே போய்விடும்.

இப்படிக்கு,
தேர்தல் செலவுக் கணக்குகளையும் பிரச்சாரப் பக்கங்களையும் ஒப்பிட்டுப் படித்துவரும் தமிழ்நாட்டு வாக்காளர்கள்